ஒலிப்பதிவு கேள்வி-பதில்: நாதஸ்வரத்துக்கு முன்னால் மைக்கை எங்கே வைப்பது?

இம்முறை வந்த கேள்விகள் எல்லாம் ஏறக்குறைய ஒரே விடயத்தைத்தான் சுற்றி வருகின்றன: இரண்டு மைக் வைத்து வாத்தியங்களை ஸ்டீரியோவில் பதிவு செய்வது எப்படி? அதனால் வேறு கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு முழுப் பக்கத்தையும் இதற்கே ஒதுக்கிவிட்டேன்.

கேள்வி: எங்கள் கோயில் திருவிழாவுக்கு வரும் நாதஸ்வரக் குழுவைப் பதிவு செய்ய ஆசை. ஒரே மாதிரியான இரண்டு சிறிய கொண்டென்சர் மைக்கும் ஒரு ரெக்கோடரும் இருக்கின்றன. எக்ஸ்-வை, ஏ-பி, ஓ.ஆர்.டி.எப் என்று ஒவ்வொருவர் ஒவ்வொன்று சொல்கிறார்கள். எதைப் பாவிப்பது? – வாசகர், கோண்டாவில்

பெயர்களைக் கொஞ்சம் ஒரு பக்கம் வையுங்கள். அந்தக் குழு வாசிக்கும்போது முன்னால் போய் நின்று, ஒரு காதைக் கையால் பொத்திக்கொண்டு, மெல்ல முன்னும் பின்னும் நடந்து கேளுங்கள். இரண்டு காதும் திறந்திருந்தால் மூளை எதிரொலியைத் தள்ளிவிட்டு வாத்தியத்தை மட்டும் பிடித்துக்கொள்ளும். ஒரு காது அடைபட்டால் அந்த வேலையை அதனால் அவ்வளவு நன்றாகச் செய்ய முடியாது, மண்டபம் எவ்வளவு முழங்குகிறது என்பது அப்போது வெளிச்சமாகத் தெரியும். மைக்குக்கும் அப்படித்தான் கேட்கும். நாதஸ்வரமும் தவிலும் தெளிவாகவும் மண்டபத்தின் கார்வை அளவாகவும் கேட்கிற ஒரு இடம் வரும். அந்த இடத்தைத் தரையில் குறித்துக்கொள்ளுங்கள். எந்த முறையைப் பாவிப்பது என்பது அதற்குப் பிறகுதான்.

இப்போது முறைகளுக்கு வருவோம். ஒரு சத்தம் இடப்பக்கம் இருந்து வருகிறது என்று நமக்கு எப்படித் தெரிகிறது? இடக்காதில் அது சற்று உரத்துக் கேட்கும், வலக்காதை விட சற்று முந்தியும் வந்து சேரும். உரப்பு, நேரம் என்ற இந்த இரண்டு வித்தியாசங்களும்தான் ஸ்டீரியோவின் அடிப்படை. எக்ஸ்-வை முறையில் முன்னால் வரும் சத்தத்தையே கூடுதலாகப் பிடிக்கும் கார்டியாயிட் வகை மைக் இரண்டின் தலைகளும் ஒன்றன்மேல் ஒன்றாக ஒரே புள்ளியில் இருக்கும், இடையில் 90 பாகைக் கோணம். அதனால் நேர வித்தியாசம் கிடையாது, உரப்பு வித்தியாசம் மட்டும்தான். நடுப்பகுதி உறுதியாக நிற்கும், ஆனால் அகலம் குறைவு. ஏ-பி முறையில் எல்லாப் பக்கமும் ஒரே மாதிரிக் கேட்கும் ஓம்னி மைக் இரண்டை 40, 50 சென்ரிமீற்றர் இடைவெளியில் நேராக வைப்பார்கள். அதில் நேர வித்தியாசம்தான் பெரும்பாலான வேலையைச் செய்யும். விசாலமாகக் கேட்கும், ஆனால் யார் எங்கே இருக்கிறார் என்பது கொஞ்சம் கலங்கும். ஓ.ஆர்.டி.எப் என்பது பிரெஞ்சு வானொலிக்காரர் உருவாக்கிய முறை: இரண்டு கார்டியாயிட், தலைகளுக்கு இடையில் 17 சென்ரிமீற்றர், வெளிப்பக்கம் பார்த்தபடி 110 பாகை. உரப்பு, நேரம் இரண்டு வித்தியாசமும் இதில் கிடைக்கும்.

உங்கள் குழுவுக்கு நான் ஓ.ஆர்.டி.எப் என்றுதான் சொல்வேன். இரண்டு நாதஸ்வரம், இரண்டு தவில், ஒரு தாளம் என்று வரிசையாக இருந்தால் அகலம் 3 மீற்றர் வரும். அவர்களுக்கு முன்னால் இரண்டரை மீற்றர் தள்ளி வைத்தால், கேட்கும்போது குழு இரண்டு ஸ்பீக்கருக்கும் இடையில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு இடத்தை எடுத்துக்கொள்ளும், மிச்ச இடம் கோயிலுக்கு. அது கண்ணை மூடிக்கொண்டு கேட்க இயல்பாக இருக்கும். ஒன்றரை மீற்றருக்குப் போனீர்கள் என்றால் இரண்டு தவிலும் ஆளுக்கொரு ஸ்பீக்கருக்குள் போய் ஒட்டிக்கொள்ளும்.

ஸ்டீரியோ பார் கிடைக்கவில்லை என்றால் ஒரு பலகைத் துண்டு போதும். பிள்ளைகளின் கொம்பாஸ் பெட்டியில் இருக்கிற பாகைமானியை வைத்து நடுக்கோட்டிலிருந்து இரண்டு பக்கமும் 55 பாகையில் கோடு இழுத்து, மைக் பிடிக்கும் கிளிப்புகளைத் திருகாணியால் இறுக்கிவிடுங்கள். 17 சென்ரிமீற்றர் என்பது மைக்குகளின் முன்தலைகளுக்கு இடையில் அளப்பது, கிளிப்புகளுக்கு இடையில் இல்லை. பலர் இதில் பிழை விடுகிறார்கள்.

உயரம் முக்கியம். வித்துவான்கள் இருந்து வாசித்தால் நாதஸ்வரத்தின் அணைசு, அதாவது அதன் விரிந்த வாய், கீழ்நோக்கி முன்பக்கம் பார்க்கும். மைக்கை அணைசின் உயரத்தில் வைத்தால் உச்ச ஒலிகள் நேரே வந்து குத்தும், அதோடு வித்துவான் தலையை ஆட்டி வாசிக்கும் ஒவ்வொரு தடவையும் தொனி மாறும். ஒன்றரை மீற்றருக்குக் கொஞ்சம் மேலே தூக்கிக் கீழே சரித்து விட்டால் அணைசின் ஒலியும் விரல் துளைகளில் இருந்து வரும் ஒலியும் கலந்து வரும். தவிலுக்கும் அந்த உயரம்தான் நல்லது. வலது முகமான வலந்தலையில் கூடு போட்ட விரல்கள் விழும் கூர்மையும் இடது முகமான தொப்பியில் கழி விழும் கனமும் மேலே இருந்து பார்க்கும்போது சமப்படும். பக்கவாட்டில் வைத்தால் ஏதோ ஒரு முகம் மட்டும்தான் கேட்கும்.

லெவலில் பேராசை வேண்டாம். ஆலாபனையில் அமைதியாக இருக்கும் மீற்றர், தவில் தனி தொடங்கியதும் எங்கேயோ போய் நிற்கும். தவில்காரரிடம் முன்கூட்டியே கேட்டு, அவருடைய மிக உரத்த தீர்மானத்தை (முடிப்புக் கோர்வையை) ஒரு தடவை வாசிக்கச் சொல்லி, அதன் உச்சம் மைனஸ் 12 டெசிபெல்லைத் தாண்டாமல் வைத்துவிட்டு, பிறகு அந்தக் குமிழைத் தொடவே கூடாது. 24 பிட்டில் பதிவு செய்தால் லெவல் குறைவாக இருப்பதால் ஒன்றும் கெட்டுப்போகாது. உடைந்துபோன தவில் ஒலியைத்தான் பிறகு ஒட்ட முடியாது.

கல் மண்டபம் மிகவும் முழங்கினால் இன்னும் அரை மீற்றர் கிட்டப் போய் எக்ஸ்-வைக்கு மாறுங்கள். மாறாக, வெளிவீதியில் சுவாமி நிற்கும்போது வாசிப்பதைப் பதிவு செய்வதென்றால் எதிரொலிக்குச் சுவரே இல்லை, அங்கே ஓம்னி வைத்த ஏ-பி அழகாக இருக்கும். காற்றுக்கும் ஓம்னிதான் கார்டியாயிட்டை விடக் குறைவாக இரையும். நாதஸ்வரம் வெட்டவெளிக்கென்றே உருவான வாத்தியம். அதன் முழு வடிவையும் வீதியில் கேட்டால்தான் தெரியும் என்பது என் எண்ணம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். தவிலுக்கும் நாதஸ்வரத்துக்கும் பெயர்போன இணுவிலும் அளவெட்டியும் இருக்கிற மண்ணில் இந்த வேலையைச் செய்கிறீர்கள். தவில் மேதை தெட்சணாமூர்த்தி 1975இல் போய்விட்டார். அவர் கையை நேரே பார்க்காத எங்கள் பிள்ளைகளுக்கு, அந்தக் காலத்தில் யாரோ அக்கறையாகப் பதிவு செய்து வைத்ததுதான் மிச்சம். இன்று வாசிப்பவர்களுக்கு அதை நாம்தான் செய்ய வேண்டும். எனவே கோயில் நிர்வாகத்திடமும் வித்துவான்களிடமும் முறையாகக் கேட்டு, நேரம் எடுத்து, வடிவாகச் செய்யுங்கள். பதிவின் ஒரு பிரதியை வித்துவான்களுக்குக் கொடுக்க மறக்காதீர்கள்.

கேள்வி: நான் வீணை படிப்பிக்கிறேன். பிள்ளைகள் வாசிப்பதை வெளிநாட்டில் இருக்கிற உறவுகளுக்கு அனுப்புவதற்காகப் பதிவு செய்கிறோம். சிறிய ரெக்கோடரைக் கிட்ட வைத்தால் விரல் தந்தியில் உரசும் சத்தம் அதிகமாகக் கேட்கிறது, தள்ளி வைத்தால் வீணை எங்கேயோ கிணற்றுக்குள் இருந்து வருவது போல இருக்கிறது. – வாசகி, மானிப்பாய்

வீணை சத்தம் குறைந்த வாத்தியம், அதனால் அறையின் குறை எல்லாம் அதில்தான் முதலில் வெளிப்படும். உங்கள் கரைச்சலுக்குப் பாதிக் காரணம் சீமெந்துத் தரையும் வெறும் சுவரும்தான். வாசிக்கும் பிள்ளைக்குக் கீழேயும் முன்னாலும் ஒரு தடித்த பாய் அல்லது கம்பளம் விரியுங்கள், பிள்ளையின் முதுகுப் பக்கம் உடுப்பு நிறைந்த அலுமாரியைத் திறந்து விடலாம், யன்னல் சேலையை இழுத்து விடலாம். அறையின் நட்டநடுவில் இருக்க வேண்டாம், சுவரோடு ஒட்டியும் வேண்டாம். இதைச் செய்துவிட்டு அதே ரெக்கோடரில் அதே பாட்டைப் பதிந்து பாருங்கள், பாதி வேலை முடிந்திருக்கும்.

பிறகு இடம். வீணையின் ஒலி பெரும்பாலும் குடத்தின் மேல்பலகையில் இருந்துதான் வெளியே வருகிறது. உரசல் சத்தம் வருவது மெட்டுகளின் மேலே இடக்கை ஓடும் இடத்தில். ரெக்கோடரை வீணைக்கு நடுவில் வைத்தால் மெட்டுகளைத்தான் நேரே பார்க்கும், அதுதான் உங்களுக்கு நடக்கிறது. குடத்தின் பக்கமாக நகர்த்தி, 60 சென்ரிமீற்றர் தள்ளி, குடத்தை விடச் சற்று உயரத்தில், குதிரையை நோக்கிச் சரித்து வையுங்கள். ஒரு சாண் இப்படியும் அப்படியும் நகர்த்தினாலே தொனி மாறுவது கேட்கும், ஆறுதலாகத் தேடுங்கள். இன்னும் கிட்டப் போனால் கார்டியாயிட் மைக்குக்கே உரிய குணம் ஒன்று தலைகாட்டும்: கிட்டவாக இருக்கும் சத்தத்தின் கீழ்ச்சுருதிப் பகுதியை அது ஊதிப் பெருப்பிக்கும். மந்தரத் தந்தியும் அனுமந்தரமும் பொதுபொதுவென்று ஆகிவிடும்.

ஸ்டீரியோ என்று வந்தால், ஒற்றை வீணைக்கு ஓ.ஆர்.டி.எப், ஏ-பி இரண்டையும் நான் கிட்டத்தில் பாவிப்பதில்லை. ஒன்றே கால் மீற்றர் நீளமான வாத்தியத்தை அரை மீற்றரில் இருந்து அப்படி எடுத்தால், கேட்பவருக்கு வீணை சுவருக்குச் சுவர் நீண்டு கிடப்பது போலத் தோன்றும். குடம் ஒரு ஸ்பீக்கரில், கமகம் மற்ற ஸ்பீக்கரில். தனி வாத்தியம் நடுவில் உறுதியாக இருக்க வேண்டும், ஸ்டீரியோ அதைச் சுற்றியிருக்கும் அறையைத்தான் காட்ட வேண்டும். இதற்கு எம்-எஸ் (நடு-பக்கம்) போல வேறு ஒரு முறை இல்லை.

எம்-எஸ்ஸில் ஒரு மைக் நேரே வாத்தியத்தைப் பார்க்கும். அதற்கு மேலோ கீழோ ஒட்டியபடி எட்டு வடிவ மைக் ஒன்று இடமும் வலமும் பார்க்கும், வாத்தியம் அதன் செவிட்டுப் பக்கத்தில் இருக்கும். பிறகு நடு மைக்கோடு பக்க மைக்கைக் கூட்டினால் இடது சனல், நடுவிலிருந்து பக்கத்தைக் கழித்தால் வலது சனல். கணினியில் செய்வதென்றால் பக்க மைக்கின் பதிவைப் பிரதி எடுத்து, ஒன்றின் அலையை மேல்கீழாகத் திருப்பி, இரண்டையும் இடம் வலம் என்று முழுதாகத் தள்ளிவிட வேண்டும், அவ்வளவுதான். ஆடாசிட்டி போன்ற இலவச மென்பொருளிலேயே செய்யலாம். இதில் பெரிய வசதி, அகலம் எவ்வளவு வேண்டும் என்பதைப் பதிவு முடிந்த பிறகு ஆறுதலாக இருந்து தீர்மானிக்கலாம். பக்கத்தைக் கூட்டினால் அறை விரியும், குறைத்தால் வீணை கிட்ட வரும். ஸூம் எச்6 ரெக்கோடரின் முதல் வடிவத்தோடு இதற்கான தலை ஒன்றும் சேர்ந்தே வந்தது. உங்களுடையது எக்ஸ்-வை தலை உள்ள சிறியது என்றால் அதுவும் வீணைக்குப் பொருத்தம்தான், மாற்றத் தேவையில்லை.

சுருதிப்பெட்டியைப் பிள்ளைக்கு நேர் பின்னால், நடுக்கோட்டில் வையுங்கள். பக்கத்தில் வைத்தால் பாட்டு முழுக்க ஒரு காதில் மட்டும் சுருதி கேட்டுக்கொண்டே இருக்கும்.

கேள்வி: வயலினும் மிருதங்கமும் பதிவு செய்தோம். ஹெட்போனில் கேட்க அருமை. அதையே போன் ஸ்பீக்கரில் போட்டால் வயலின் மெலிந்து, தகரக் குழாய்க்குள் வாசிப்பது போல இருக்கிறது. மைக் பழுதா? – மாணவர், திருநெல்வேலி

மைக் பழுதில்லை தம்பி. ஒரே சத்தம் இரண்டு மைக்குக்கும் வேறு வேறு நேரத்தில் போய்ச் சேர்ந்திருக்கிறது. ஹெட்போனில் அவை தனித்தனிக் காதுக்குப் போவதால் அகலமாக, அழகாகத் தெரியும். இரண்டையும் கூட்டி ஒற்றை ஸ்பீக்கரில் போட்டால் அலைகள் ஒன்றோடொன்று மோதிச் சில இடங்களில் அழிந்துபோகும்.

கணக்குப் பார்ப்போம். ஒலி ஒரு வினாடிக்குச் சுமார் 343 மீற்றர் போகிறது, எங்கள் வெயிலில் இன்னும் கொஞ்சம் கூட. வயலினில் இருந்து ஒரு மைக்குக்கும் மற்றதுக்கும் உள்ள தூர வித்தியாசம் 34 சென்ரிமீற்றர் என்று வையுங்கள், அது ஒரு மில்லிசெக்கன். கூட்டும்போது 500 ஹேர்ட்ஸ் அழியும், பிறகு 1500, 2500 என்று பள்ளம் பள்ளமாகப் போகும். வயலினின் உடம்பே அந்தப் பகுதியில்தானே இருக்கிறது. அதனால்தான் தகரக் குழாய்.

எங்கள் ஊரில் இதை அலட்சியம் செய்யவே முடியாது. கோயில் குழாய் ஒலிபெருக்கி மோனோ, அதாவது இடம் வலம் இல்லாமல் ஒரே சனல். கடையில் இருக்கிற புளூடூத் ஸ்பீக்கர் அனேகமாக மோனோ. அம்மம்மா போனை மடியில் வைத்துக் கேட்பதும் கிட்டத்தட்ட அப்படித்தான். எக்ஸ்-வை என்றால் இரண்டு தலையும் ஒரே புள்ளியில் இருப்பதால் கூட்டினாலும் கெடாது. எம்-எஸ்ஸைக் கூட்டினால் பக்க மைக் தன்னைத்தானே முழுதாக அழித்துக்கொண்டு நடு மைக் மட்டும் சுத்தமாக மிஞ்சும். ஓ.ஆர்.டி.எப் ஓரளவு தாங்கும். அகல ஏ-பிதான் ஆபத்து.

நீங்கள் வயலினுக்கு ஒன்று, மிருதங்கத்துக்கு ஒன்று என்று தனித்தனி மைக் வைத்திருந்தால் மூன்றுக்கு ஒன்று என்ற பழைய கணக்கைப் பிடியுங்கள்: மைக்குக்கும் அதன் வாத்தியத்துக்கும் 40 சென்ரிமீற்றர் என்றால் இரண்டு மைக்குக்கும் இடையில் குறைந்தது 120 சென்ரிமீற்றர் இருக்க வேண்டும். அப்போது பக்கத்து வாத்தியம் கசிந்து வந்தாலும் அழிக்கிற அளவுக்குப் பலம் இருக்காது.

வயரையும் ஒருக்கால் பாருங்கள். உள்ளூரில் ஒட்டுவித்த எக்ஸ்.எல்.ஆர் வயரில் இரண்டாவது, மூன்றாவது முனை மாறியிருந்தால் ஒரு மைக் தலைகீழாகத்தான் வேலை செய்யும். ஹெட்போனில் நடுவில் எதுவும் நிற்காது, காதுக்குள் ஒரு அழுத்தம் போல இருக்கும். மோனோவில் ஆளே காணாமல் போவார். இரண்டு மைக்கையும் ஒட்டி வைத்துக் கதைத்துப் பதிந்து, மோனோவாக்கிக் கேட்டால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

கேள்வி: ஸ்டீரியோ ஒலிப்பதிவை யார் கண்டுபிடித்தது? – வாசகர், சாவகச்சேரி

இன்று நாம் பாவிக்கும் வடிவத்துக்கு அடித்தளம் போட்டவர் அலன் புளும்லைன் என்ற ஆங்கிலேயப் பொறியியலாளர். இலண்டனில் ஈ.எம்.ஐ நிறுவனத்தில் வேலை செய்தபோது, 1931 டிசம்பரில் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். படத்தில் நடிகர் திரையின் ஒரு மூலைக்குப் போனாலும் குரல் அதே ஒற்றை ஸ்பீக்கரில் இருந்தே வருவது அவரை உறுத்தியதாகச் சொல்வார்கள். 1934இல் அபி ரோட் கலையகத்தில் தோமஸ் பீச்சம் நடத்திய மோட்சார்ட் ஒத்திகையைச் சோதனையாக ஸ்டீரியோவில் பதிந்தார்கள். வியாபாரமாக ஸ்டீரியோ இசைத்தட்டு வந்ததோ 1950களின் பின்பகுதியில்தான். அதைப் பார்க்க அவர் இருக்கவில்லை, 1942இல் ரேடார் சோதனைப் பறப்பு ஒன்றில் விமானம் விழுந்து 38 வயதில் இறந்துபோனார்.

அவர் பெயரிலேயே ஒரு முறை இருக்கிறது: எட்டு வடிவ மைக் இரண்டை ஒரே புள்ளியில் 90 பாகையில் வைப்பது. முன்னால் கேட்பது போலவே பின்னாலும் கேட்கும் என்பதால் நல்ல அறை கட்டாயம். ஓட்டுக் கூரையும் மரச் சலாகையும் உள்ள பழைய நாற்சார் வீட்டில், முற்றத்துப் பக்கம் விறாந்தையில் புல்லாங்குழல் வாசித்து இப்படிப் பதிந்தால் அந்த வீடே உங்கள் முன்னால் வந்து நிற்கும். குழலை மட்டும் ஊதும் காற்று மைக்கில் படாதபடி சற்று மேலே இருந்து எடுங்கள்.

கேள்வி: மிருதங்கத்துக்கு இரண்டு பக்கமும் ஒவ்வொரு மைக் வைப்பதா, முன்னால் ஸ்டீரியோவாக வைப்பதா? – மிருதங்க மாணவர், சுன்னாகம்

மேடையில் ஒலிபெருக்கிக்கு இரண்டு பக்கமும் வைப்பது சரி, அங்கே ஊளையிடாமல் சத்தம் கூட்ட வேண்டும். பதிவுக்கு வேறு கதை. இரண்டு முகத்தையும் கிட்ட எடுத்து ஒன்றை இடது கோடிக்கும் மற்றதை வலது கோடிக்கும் தள்ளுவது இப்போது ஒரு வழக்கமாகி வருகிறது, எனக்கு அது பிடிப்பதில்லை. "தீம்" என்று இரண்டு கையும் சேர்ந்து விழும்போது அது ஒரு சொல்லாகக் கேட்க வேண்டும். இரண்டு மூலையில் இரண்டு பேர் தட்டுவது போலக் கேட்டால் சொல்லே உடைந்துவிடுகிறது.

முன்னால் 70, 80 சென்ரிமீற்றர் தூரத்தில், மிருதங்கத்தை விடச் சற்று உயரத்தில் எக்ஸ்-வை வையுங்கள். தொப்பியின் கும்கி என்ற கனத்த ஒலி போதவில்லை என்று பட்டால் மைக் முழுவதையும் தொப்பிப் பக்கம் ஒரு சாண் நகர்த்துங்கள், ஈக்வலைசரைத் தேடி ஓட வேண்டாம். ரவை போட்ட பதம் சரியில்லாவிட்டால் எந்த மைக்காலும் கும்கியை உண்டாக்க முடியாது, அதை முதலில் பாருங்கள்.

இன்னொரு விடயம். வாசிப்பவரின் வலது கை சபையில் இருப்பவருக்கு இடது பக்கம். நீங்கள் முன்னால் இருந்து பதிந்தால் வலந்தலை இடது ஸ்பீக்கரில்தான் வரும், அது பிழையில்லை. ஆனால் காணொளி எடுப்பதென்றால் படமும் ஒலியும் ஒரே பக்கம் நிற்கிறதா என்று பாருங்கள். மாற்றிப் போட்டால் பார்ப்பவருக்குக் காரணம் தெரியாமலே ஏதோ இடிக்கும்.

இரண்டு பக்கமும்தான் வைப்பேன் என்றால், ஒரு மைக்கைத் தலைகீழாக்கியும் ஆக்காமலும் கேட்டு எது நிறைவாக இருக்கிறதோ அதை வைத்துக்கொண்டு, பக்கங்களை முழுதாகத் தள்ளாமல் நடுவை ஒட்டியே வையுங்கள்.

கேள்வி: இசை நாடகமும் காத்தவராயன் கூத்தும் ஆடும் மூத்த கலைஞர்கள் சிலர் எங்கள் பக்கம் இருக்கிறார்கள். மேடையில் இல்லாமல் தனியாகக் கூட்டிப் பதிவு செய்ய நினைக்கிறோம். ஆர்மோனியம், உடுக்கு, தாளம், நாலைந்து குரல்கள். எப்படி ஒழுங்கு செய்வது? டெக்கா மரம் என்ற முறை சரிவருமா? – வாசகர், வடமராட்சி

முதலில் உங்கள் குழுவுக்கு என் நன்றி. தள்ளிப் போடாமல் இந்த மாதமே செய்யுங்கள்.

ஆளுக்கொரு மைக் கொடுக்காதீர்கள். இவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து, ஆர்மோனியக்காரர் பாடுபவரின் மூச்சைப் பார்த்து வாசித்துப் பழகியவர்கள். மைக்குக்கு முன்னால் அசையாமல் நில்லுங்கள் என்றால் பாட்டின் உயிரே போய்விடும். நிலத்தில் அரைவட்டமாக இருக்க விட்டு, அந்த வட்டத்தின் வாய்ப்பக்கம், எல்லாருக்கும் ஏறக்குறைய ஒரே தூரத்தில் ஓ.ஆர்.டி.எப் சோடி ஒன்றை வையுங்கள். கார்டியாயிட்டின் பின்பக்கம் செவிடு என்பதால் பார்த்துக்கொண்டிருப்பவர்களின் இருமலும் கதிரைச் சத்தமும் குறைவாகத்தான் விழும்.

சமநிலையை மிக்ஸரில் செய்யாமல் தூரத்தால் செய்யுங்கள். வெளியில் தூரம் இரட்டித்தால் சத்தம் 6 டெசிபெல் குறையும், அறைக்குள் எதிரொலியால் அதைவிடக் கொஞ்சம் குறைவாகக் குறையும். உடுக்கு உரத்தால் உடுக்குக்காரரை ஒரு முழம் பின்னால் இருக்கச் சொல்லுங்கள். குரல் தளர்ந்த மூத்தவரை முன்னுக்கு, நடுவுக்குக் கொண்டுவாருங்கள். தாளக்காரர் நட்டநடுவில் வேண்டாம், அந்தக் கூரான ஒலி பாடுபவரின் சொல்லை வெட்டும். ஆர்மோனியத்தில் துருத்தி சபைப்பக்கம் இருப்பதால் மைக்கைத் தாழ்த்தி வைத்தால் காற்று இழுக்கும் சத்தமும் பலகை தட்டும் சத்தமும்தான் வரும். மைக் மேலே இருந்தால் இது பெரிதாகத் தெரியாது. வசனம் பேசும் ஒருவருக்கு மட்டும் தனி மைக் ஒன்று தேவைப்பட்டால் வையுங்கள், ஆனால் கடைசியில் கலக்கும்போது சோடி மைக்குகள்தான் முக்கியம், தனி மைக் சொல் தெளிவுக்குத் தொட்டுக்கொள்ள மட்டும்.

டெக்கா மரம் என்ற மூன்று மைக் முறையைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். இலண்டன் டெக்கா நிறுவனத்தார் 1950களில் பெரிய மேற்கத்தேய வாத்தியக் குழுக்களுக்காக உருவாக்கியது அது. மூன்று ஓம்னி, இடது வலதுக்கு இடையில் சுமார் 2 மீற்றர், நடு மைக் ஒன்றரை மீற்றர் முன்னால். ஏழெட்டுப் பேருக்கு அது வேண்டாம்.

பாட்டு முடிந்ததும் உடனே நிறுத்தாதீர்கள். "இந்தக் கட்டத்தை முந்தி வேறு மெட்டில் பாடுவம்" என்று கலைஞர் கதைக்கத் தொடங்குவது பெரும்பாலும் அப்போதுதான். 48 கிலோஹேர்ட்ஸ், 24 பிட்டில் ஸ்டீரியோவாக ஒரு மணித்தியாலம் பதிந்தால் ஏறக்குறைய ஒரு ஜிகாபைட்தான் வரும், ஒரு 32 ஜிகாபைட் அட்டையில் முழு இரவும் அடங்கும். ஒவ்வொரு பதிவின் தொடக்கத்திலும் ஊர், திகதி, பாடுபவர் பெயர், என்ன கட்டம் என்பதைக் குரலிலேயே சொல்லிப் பதிந்துவிடுங்கள். கோப்பின் பெயர் மாறலாம், காகிதம் தொலையலாம், குரலில் சொன்னது கூடவே இருக்கும். அன்றிரவே இரண்டு வேறு இடங்களில் பிரதி எடுத்து வையுங்கள்.

கேள்வி: வீட்டில் பதிவு செய்யும்போது காகம், மின்விசிறி, ஓட்டோ எல்லாம் விழுகிறது. – வாசகி, நல்லூர்

மின்விசிறியை நிறுத்துங்கள், குளிர்சாதனப் பெட்டியின் பிளக்கையும் கழற்றி விடுங்கள், ஆனால் கார்த் திறப்பைப் பெட்டிக்குள் வைத்துவிடுங்கள், அப்போதுதான் பிறகு பிளக்கைப் போட மறக்க மாட்டீர்கள். காகத்துக்கு மருந்தில்லை. விடியப்புறம் கோயில் ஒலிபெருக்கி, காலையும் பின்னேரமும் பாண்காரரின் ஓட்டோப் பாட்டு என்று போனால் மிஞ்சுவது இரவு ஒன்பதரைக்குப் பிறகுதான். சோளகக் காற்றுக் காலத்தில் காற்று வரும் பக்கத்து யன்னலைச் சாத்துங்கள், மைக்குக்குப் பஞ்சு உறையும் போடுங்கள். தகரம், சீற் போட்ட வீடென்றால் மாரியில் பதிவு வேலையே வைக்க வேண்டாம். உஸ் என்ற மின் இரைச்சல் வந்தால் மடிக்கணினியின் சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள், பெரும்பாலும் அதுதான்.

கேள்வி: கையில் கொஞ்சக் காசுதான் இருக்கிறது. ஒரு விலைகூடிய மைக்கா, இரண்டு மலிவானதா? – மாணவர், கொக்குவில்

வாத்தியங்களை ஸ்டீரியோவில் பதிவதுதான் நோக்கம் என்றால், ஒரே மாதிரி, ஒரே ரகத்தில் இரண்டு சிறிய கார்டியாயிட் கொண்டென்சர். சோடியாகப் பொருத்தி விற்பவை இருக்கின்றன, அவற்றில் இரண்டும் ஒன்றுபோலக் கேட்கும். வேறு வேறு மைக் இரண்டைச் சோடி சேர்த்தால் சுருதி ஏற ஏற வாத்தியம் இடமும் வலமும் அலையும். வாங்கும் முன் ரெக்கோடரோ இன்டர்பேஸோ 48 வோல்ட் பாண்டம் மின்சாரம் கொடுக்குமா என்று பாருங்கள், அது இல்லாவிட்டால் கொண்டென்சர் பேசாது.

அதற்கும் காசு போதாது என்றால் தலையிலேயே எக்ஸ்-வை மைக் உள்ள கைரெக்கோடர் ஒன்று வாங்குங்கள். ஸூம் எச்4என் போன்றவற்றில் தலையைத் திருகி 90 பாகையையும் 120 பாகையையும் மாற்றலாம். பாவித்ததை வாங்குவதென்றால் இரண்டு சனலும் சமமாக வேலை செய்கிறதா என்று அந்த இடத்திலேயே கதைத்துப் பதிந்து கேளுங்கள். எங்கள் உப்புக் காற்றும் ஈரமும் மைக்கின் தலைக்கு ஆகாது. பாவித்து முடித்ததும் இறுக்கமான மூடியுள்ள டப்பாவில் சிலிக்கா ஜெல் பக்கெற்றுகளோடு போட்டு வையுங்கள், சப்பாத்துப் பெட்டிகளில் வருவதே போதும். மாதமொருமுறை அவற்றை மாற்றிவிடுங்கள்.